குளிசையும் கதிரையும்

எங்கள் வீட்டில் இடியப்பம் அவிப்பது எந்த நாளில் நின்றதென்று திட்டமாகக் கூற என்னால் இயலவில்லை. 2023ஆம் ஆண்டு சித்திரை விடுமுறைக்குப் பேராதனையிலிருந்து யாழ்ப்பாணம் சென்றிருந்தேன். முதல்நாட் காலை பாணும் சம்பலும். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் கடையில் வாங்கிய இடியப்பம் வந்தது. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை. முந்திய ஆண்டிலே மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோதெரப்பியும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று எழுந்த ஒருவர் அடுப்படியில் நின்று மாவோடு மல்லாட வேண்டுமென எவரும் எதிர்பார்க்கவில்லை. “அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் பஞ்சி” என்று அப்பா பகிடியாகச் சொன்னார். அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்று நம்பினேன் என்பதை இன்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

விடியற்காலையில் ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா கட்டிலின் விளிம்பில் அமர்ந்து இரு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சுவரைப் பிடித்தபடி எழுந்தார். முதல் ஏழெட்டு அடிகளை அவர் வைத்த விதம் அம்மம்மாவின் கடைசிக் கால நடையை எனக்கு நினைவூட்டியது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆரம்பப் பாடசாலையில் முப்பதாண்டு நின்றுகொண்டே கற்பித்தவர். என்னைக் கண்டதும் கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

இடியப்ப உரலைப் பிழியும் வேலை எத்தகையதென்பதை அதைப் பிழிந்தவர்களே அறிவர். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள் என யாவும் ஒன்றுசேர்ந்து அழுத்த வேண்டும். அம்மாவின் கை விரல்கள் காலை வேளைகளில் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. தேங்காய் துருவுதல், பேணி மூடி திறத்தல், துணி பிழிதல் ஆகிய மூன்றையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டிருந்தார். வீட்டிலிருந்த ஆண்கள் எவரும் இதைக் கவனிக்கவில்லை. பெண்ணாகிய நானும் கவனிக்கவில்லை என்பதால் அவர்களைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை.

உண்மை வெளிப்பட்டது ஒரு நெஸ்ரமோல்ற் பேணியினால். அதனுள்ளேதான் அம்மா தமது குளிசைகளைப் போட்டு வைப்பார். லெற்றோசோல் என்னும் அக்குளிசையை நாளுக்கு ஒன்றாக ஐந்தாண்டுகள் உட்கொள்ள வேண்டுமென்று தை மாதத்திலே தொடங்கியிருந்தனர். மாதத்துக்கு முப்பது குளிசைகள் கிளினிக்கில் வழங்குவார்கள். அடுத்த கிளினிக்குக்கு நான்கே நாட்கள் இருக்கையில் பேணியில் பதினேழு குளிசைகள் கிடந்தன. கலைப்பீட மாணவியாயினும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கிற்று.

“ஒருநாள் விட்டொருநாள் போடுறன் பிள்ளை. போடாத நாளிலை கை கொஞ்சம் இளகிறமாதிரிக் கிடக்கு.”

“டொக்டரிட்டை ஏன் அம்மா சொல்லேல்லை?”

“உயிரைக் காப்பாத்தித் தந்த சனத்திட்டைப் போய், கை நோகுது கால் நோகுதெண்டு முறைப்பாடு சொல்லுறதே?”

இவ்வளவும் பகலில் நடந்த உரையாடல். இரவு விளக்கை அணைத்த பின்னர், இருளில், அவராகவே மற்றொரு காரணத்தைச் சொன்னார். “எலும்புக்கும் வந்திட்டுதெண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு பயமாக் கிடந்தது.” அதற்குமேல் இருவரும் பேசவில்லை. கிளினிக்கிலே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் சுகமாக இருக்கிறேன் என்று அவர் விடைகூறி வந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் புலனாயிற்று. நோவைச் சொன்னால் நோய் உறுதியாகிவிடும். சொல்லாதவரை அது வெறும் நோவே. இது பேதைமை என்று எளிதிற் கூறிவிடலாம். ஆயின், ஒருமுறை மருத்துவரின் மேசைக்கு முன்னாலிருந்து அத்தகைய செய்தியைக் கேட்டவர் இரண்டாம் முறை கேட்க அஞ்சுவதைப் பேதைமை என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

அக்குளிசையின் தொழிற்பாட்டை நான் பிற்பாடு நூலகத்திலிருந்து படித்தறிந்தேன். மார்பகப் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைக் கொண்டு வளர்பவை. மாதவிடாய் நின்ற பெண்களிலே சூலகங்கள் அதனைச் சுரப்பதை நிறுத்திவிட்டாலும், கொழுப்பிழையம் முதலியவற்றிலுள்ள அரோமற்றேஸ் என்ற நொதியம் வேறு ஓமோன்களை ஈஸ்திரோஜனாக மாற்றிக்கொண்டேயிருக்கும். லெற்றோசோல், அனஸ்ற்றசோல், எக்ஸிமெஸ்ரேன் ஆகிய மூன்றும் அந்நொதியத்தைத் தடுப்பவை. எஞ்சியிருக்கக்கூடிய புற்றுநோய்க் கலத்துக்கு உணவு கிடையாமற் செய்வதே நோக்கம். அதே ஈஸ்திரோஜன் என்புகளையும் மூட்டுகளையும் பேணுவதிலே பங்குடையதாகையால், அது வற்றும்போது அவையும் பாதிப்புறுகின்றன. இக்குளிசைகளை உட்கொள்ளும் பெண்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் மூட்டுநோவு கூறுகின்றனர். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது தொடங்கும். இரு கைகளிலும் இரு முழங்கால்களிலும் ஒரேவிதமாகத் தோன்றும். காலையில் விறைப்பு மிகுந்திருந்து நடமாட நடமாடக் குறையும். அம்மாவின் கதை அப்படியே அச்சில் கிடந்தது. முடக்குவாதத்தைப் போல இந்நோவு மூட்டை அரித்தழிப்பதன்று என்பதும் அங்கே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் ஐந்தாண்டு முடியுமுன்னரே குளிசையைக் கைவிடும் பெண்கள் பலர் என்பதும், அவர்கள் கைவிடுவதற்கு மூட்டுநோவு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பதும் அடுத்த பக்கத்தில் இருந்தன. ஒருநாள் விட்டால் கை இளகுகிறது என்ற அம்மாவின் நம்பிக்கை ஐயத்துக்குரியது. லெற்றோசோல் ஒருநாளில் உடலைவிட்டு நீங்குவதன்று.

கிளினிக்குக்கு இருந்த அந்த நான்கு நாட்களுக்கிடையில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். உறவினர் ஒருவரின் ஆலோசனைப்படி யோகாசன வகுப்பொன்றுக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். எந்த ஊர், எவர் நடத்துவது என்பன இங்கு வேண்டியதில்லை. ஆசிரியர் அம்மாவின் மருத்துவ வரலாற்றைப் பாதிவரை கேட்டார். பிறகு, மூச்சை முறைப்படி அடக்கினால் எந்தக் கட்டியும் கரையும், ஆங்கில மருந்து உடம்பைச் சூடாக்கி மூட்டைக் கெடுக்கும், மெல்ல மெல்ல அதை விட்டுவிடலாம் என்று சொன்னார். மற்றவர்களோடு சேர்த்து இடக் கையையும் தலைக்குமேலே இழுத்துயர்த்தச் செய்தார். அது சத்திரசிகிச்சை செய்த பக்கம். அக்குளிலிருந்து நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்த கை. அன்றிரவு தோள் கடுமையாக நொந்தது. மறுநாட் காலை முன்னங்கை வீங்கி, வளையல் இறுகிக் கிடந்தது. அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சவர்க்கார நுரை போட்டு வளையலைக் கழற்றி எடுத்தோம். அந்த ஆசிரியரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கையை இழுத்ததைக்கூட மறக்கலாம். உயிர்காக்கும் மருந்தை ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்த ஒருத்தியிடம், அதை விட்டுவிடலாமென்று கூறியதை எப்படி மறப்பது?

கிளினிக்கில் நானே வாய்திறந்தேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கெங்கே நோகிறது, இரு பக்கமுமா, இரவிலா காலையிலா, நடந்தாற் குறைகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஓரிடத்தில் மட்டும் நிலைத்து, இரவிலும் ஓய்விலும் விடாது வளரும் நோவென்றால் உடனே வரவேண்டும், இது அத்தகையதாகத் தோன்றவில்லை, எனினும் படமெடுத்துப் பார்ப்போம் என்றார். படத்தில் ஒன்றுமில்லை என்ற செய்தி வந்த நாளில் அம்மாவின் நோவிற் கால்வாசி அப்போதே போய்விட்டதென்று நினைக்கிறேன். நோவின் எவ்வளவு பகுதி மூட்டிலும் எவ்வளவு பகுதி அச்சத்திலும் இருக்கிறதென்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

வைத்தியர் மூன்று காரியங்கள் செய்தார். சில வாரங்கள் குளிசையை நிறுத்தினார். அதன்பின் லெற்றோசோலுக்குப் பதிலாக அனஸ்ற்றசோலைத் தந்தார். நிறுத்துவதும் மாற்றுவதும் அவரோடு கதைத்துச் செய்யவேண்டியவை, பேணிக்குள் ஒளித்துச் செய்வதல்ல என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னார். என்பு தேய்வதைக் கருதிக் கல்சியமும் விற்றமின் டீயும் எழுதினார். மூன்றாவதாக, இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். முதலிரண்டையும் நான் மருந்து என்று கருதினேன். மூன்றாவதை ஓர் உபசாரமென்றே கருதினேன்.

இயன்மருத்துவராக இருந்தவர் என்னிலும் ஐந்தாறு வயதே மூத்த ஒரு பெண். அவர் அம்மாவை ஒரு கதிரையில் இருத்தினார். தாமும் எதிரே ஒரு கதிரையில் இருந்தார். “அம்மா, நோவு வாற இடத்துக்கு முதல் நிப்பாட்டவேணும். இண்டைக்கு அவ்வளவுதான் எண்டு விடவேணும்” என்றார். யோகாசனத்திலிருந்தும், சீனர்களுடைய தைச்சி என்னும் மெல்லசைவுப் பயிற்சியிலிருந்தும், சாதாரண மூட்டுப் பயிற்சியிலிருந்தும் பொறுக்கியெடுத்த சில அசைவுகள். எல்லாவற்றுக்கும் மூச்சே தாளம். வீட்டில் அதைப் பழக்குவிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

காலையில் முதலில் இளஞ்சூடான நீர்நிறைந்த சட்டிக்குள் இரு கைகளையும் ஐந்து நிமிடம் வைத்திருத்தல். பிறகு விறாந்தையிலே, கைப்பிடியில்லாத கதிரையில், பாதங்கள் நிலத்திற் படிய அமர்தல். மூச்சை உள்ளெடுக்கையில் விரல்களை விரித்து, வெளிவிடுகையில் மெல்ல மடக்குதல். மடங்குமட்டும் மடங்கினாற் போதும். அடுத்துப் பெருவிரலால் மற்றை நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடுதல். இதைச் செய்யும்போது அம்மா தம்மையறியாமலே ஒன்று, இரண்டு, மூன்று என்று உரத்து எண்ணத் தொடங்கினார். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் முப்பதாண்டு எண்ணக் கற்பித்த முறையும் அதுவே. அன்றுதான் அவர் முதன்முதலாக இப்பயிற்சியிடையே சிரித்தார். பின் மணிக்கட்டுகளையும் கணுக்கால்களையும் வட்டமாகச் சுழற்றுதல். ஒரு முழங்காலை நீட்டி மூன்று மூச்சு நிறுத்தி இறக்குதல். கதிரையின் முதுகைப் பிடித்து நின்று குதிகளை உயர்த்துதல். கைகளைப் பக்கவாட்டாகத் தோள்மட்டம்வரை மாத்திரம் உயர்த்தினோம். இடக்கை அதன் பாதிக்கே வந்தது, பாதியோடு விட்டோம். முதுகை வளைத்து முன்னே குனிவதும் குனிந்தபடி உடலைத் திருகுவதும் என்பு மெலிந்தவர்க்கு ஆகாதென்று விலக்கப்பட்டிருந்தன. முடிவில் பாயிற் படுத்து, கெண்டைக்கால்களைக் கதிரையின் மேல் வைத்து, வயிறு எழுந்து தாழ்வதைப் பத்து நிமிடம் கவனித்திருத்தல். எல்லாம் முடிய அரைமணி நேரம். மாலையில் ஒழுங்கையால் வைரவர் கோயில்வரை நடை.

இது மிக எளிதென்று தோன்றும். எளிதன்று. முதல் இரண்டு வாரங்களில் யாதொரு மாற்றமும் இல்லை. “உதாலை என்ன வரப்போகுது?” என்று ஐந்தாம் நாளே கேட்டார். நோகிற உறுப்பை அசையாது வைத்துக் காப்பதே அறிவு என்பது நமது உடலின் பழைய நியாயம்; முறிந்த காலுக்கு அது பொருந்தும். மூட்டின் உள்ளே வழவழப்பான கசியிழையத்துக்குக் குருதிக்குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது உள்ளிருக்கும் பாயம் அதனூடே பிழியப்பட்டுப் புகுவதனாலேயே அது போசணை பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. அதனைச் சூழ்ந்த தசையும் மெலியும். மெலிந்த தசையால் மூட்டுக்குச் சுமை கூடும். சுமையால் நோவு கூடும். நோவால் அசைவு மேலுங் குறையும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். மெல்லசைவு அதைச் செய்கிறது. நீண்ட வெளிமூச்சு நெஞ்சின் படபடப்பைத் தணிக்கிறது. தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மூன்றாம் வாரத்தில் அம்மா இடைவிடாது ஐந்து மணிநேரம் உறங்கினார். விரல்கள் இளகுமுன்னர் உறக்கமே முதலில் வந்தது.

இவ்விடயத்தில் ஆராய்ச்சி என்ன கூறுகிறதென்பதையும் தேடினேன். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, அரோமற்றேஸ் தடுப்புக் குளிசையால் மூட்டுநோவுற்ற 121 பெண்களுள் ஒரு பகுதியினர் ஓராண்டு காலம் வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும் இரு தடவை தசைவலுப் பயிற்சியும் செய்தனர். அவர்களுடைய உச்ச நோவின் அளவு ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது, செய்யாதவர்களிடம் குறையவில்லை. 2018இல் 226 பெண்களைக் கொண்ட ஆய்வொன்று அக்குபங்சர் ஊசிமுறையும் நோவைத் தணிப்பதாகக் காட்டிற்று. யோகாசனம், தைச்சி பற்றிய ஆய்வுகள் இவற்றிலும் சிறியவை. சில வாரங்களே நீடித்தவை. அவை காட்டும் பயன் நம்பிக்கை தருவதாயினும் மிதமானது. பயிற்சி செய்பவருக்குத் தாம் செய்வது தெரியாமல் மறைக்கவும் முடியாது. எனவே அசைவின் பயன் எவ்வளவு, கூடியிருந்து செய்வதன் பயன் எவ்வளவு, நம்பிக்கையின் பயன் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எங்கள் வீட்டுப் பரிசோதனையோ இன்னும் குழப்பமானது. குளிசையும் மாறியது, அச்சமும் நீங்கியது, கதிரையும் வந்தது. விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி என்னைக் கேலிசெய்தார். அவர் சொன்னது சரி. ஆயினும், வேலைமிகுதியால் கதிரையை விட்ட வாரங்களில் காலை விறைப்பு திரும்பி வந்ததென்பதை அம்மா தமது நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

யோகம் என்ற சொல்லே அம்மாவுக்குத் தொடக்கத்தில் இடைஞ்சலாக இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடொன்றில் யோகர் என்றால் நல்லூர்த் தேரடியும் கொழும்புத்துறைக் கொட்டிலும் நினைவுக்கு வருமேயன்றி உடற்பயிற்சி வராது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறது. அங்கே ஆசனம் எட்டு உறுப்புகளுள் ஒன்று. அதுவும் அசையாது அமர்வதற்கான ஆயத்தம். இன்று உலகெங்கும் யோகா என்று பயிலப்படும் ஆசனவரிசைகளின் உருவாக்கத்திலோ 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய பயிற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய மாணவரான பி. கே. எஸ். ஐயங்கார் கதிரை, தலையணை, கயிறு, கட்டை ஆகியவற்றைத் துணைக்கொண்டு நோயாளரும் முதியோரும் ஆசனஞ் செய்ய வழிகாட்டினார். ஆகவே எங்கள் விறாந்தைக் கதிரைக்கும் ஒரு பரம்பரை உண்டு. பழமை என்ற பெயரால் மருந்தை நிறுத்தச் சொன்னவரிடம் இந்த வரலாற்றைக் கூறியிருக்கலாமென்று பிற்பாடு தோன்றியது. அன்று எனக்கே இது தெரியாது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து நிதி திரட்டினார்கள். அதற்கு முன்னர் வடக்கிலிருந்து மகரகமைக்குப் பயணஞ்செய்தவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே நான் சிறுமியாகக் கண்டிருக்கிறேன். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதற்கு நோயாளருக்கு வலு இருந்ததோ என எவரும் அக்காலத்திற் கேட்டதில்லை. மருத்துவமனை அருகே வந்துவிட்டது. அந்த மேசைக்கு முன்னாலிருந்து எனக்கு நோகிறது என்று சொல்லும் துணிவு மட்டும் இன்னும் தூரத்தில் நிற்கிறது. பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் அணிகலனாகப் போற்றிய இலக்கியங்களைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறேன். பரீட்சைக்கு அவற்றை மெச்சி எழுதியுமிருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஒழுங்கையின் மறுகோடியிலிருக்கும் ஒரு மாமி அதே குளிசையைத் தொடங்கினார். சில மாதங்களின் பின் அவர் படலையைத் திறக்க இரு கைகளையும் பாவிப்பதை அம்மா கண்டிருக்கிறார். ஒன்றுங் கேட்காமல் விறாந்தைக்கு அழைத்து இரண்டாவது கதிரையை இழுத்துப் போட்டாராம். “கிளினிக்கிலை சொல்லிப்போட்டியளோ? முதல் அதைச் சொல்லுங்கோ. பிறகு வாங்கோ, எண்ணுவம்.” இப்போது வாரத்தில் மூன்று காலைகள் இருவரும் விரல்களை எண்ணுகிறார்கள். எண்ணுவது குறைவு, ஊர்ப்புதினம் கூடுதல் என்பது அப்பாவின் அறிக்கை.

நோவு முற்றாக நீங்கிவிடவில்லை. மழைக்காலக் காலைகளில் கைகள் இன்னும் விறைக்கின்றன. இடப்பக்கத்தால் வாளி தூக்குவதில்லை. 2025 ஆவணியில் வீடு சென்றபோது குசினியில் இடியப்ப உரல் மேசைமேல் இருந்தது. அம்மா மாவைக் குழைத்து உரலில் அடைத்து, மூச்சை வெளிவிட்டபடி மெல்லப் பிழிந்தார். பன்னிரண்டு தட்டுகள் வரை பிழிந்தபின் நிறுத்தி, “இண்டைக்கு அவ்வளவுதான்” என்று உரலை என்னிடம் நீட்டினார். மீதி எட்டுத் தட்டுகளை நான் பிழிந்தேன். என் கை நொந்தது. அவித்து முடியும்வரை காத்திருக்கையில் நெஸ்ரமோல்ற் பேணியை எடுத்துத் திறந்து குளிசைகளை எண்ணினேன். நாட்காட்டியோடு சரியாக இருந்தது. நான் எண்ணுவதை அவர் கண்டார். ஒன்றுஞ் சொல்லாமல் மூடியைத் தாமே வாங்கித் திருகி மூடி, பேணியைத் தட்டில் வைத்தார்.